யாதவகிரியின் வண்டியும் பாலாற்றின் தோலும்

மைசூரு யாதவகிரியில் இருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை மோட்டார் சைக்கிள் செய்தது. அதே ஆண்டுகளில், ஒரு பகல் பயணத் தொலைவில், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தது. தென்னிந்தியாவில் நல்ல வண்டி இருந்தது, நல்ல தோலும் இருந்தது. வண்டி ஓட்டுபவரின் உடம்பைக் காக்கும் தோல் உடை மட்டும் இங்கே உருவாகவில்லை. மைசூரின் கடைகளில் இன்று தொங்கும் லெதர் ஜாக்கெட்டுகளில் எது உயிர் காக்கும், எது வெறும் அலங்காரம் என்று பிரித்தறிய இந்த வரலாறு உதவும்.

மைசூருக்குத் தோல் உடையும் தோல் கருவியும் புதியவை அல்ல. சமஸ்தானத்தின் குதிரைப்படை சேணம், கடிவாளம், வார், முழங்கால்வரை ஏறும் பூட்ஸ் எல்லாவற்றுக்கும் தோலையே நம்பியிருந்தது. மைசூர் லான்சர்ஸ் படையும் ஜோத்பூர் லான்சர்ஸ் படையும் 1918 செப்டம்பர் 23 அன்று பாலஸ்தீனத்தின் ஹைஃபா நகரைக் குதிரைமேல் சென்று கைப்பற்றின. பாலைவெயிலில் சேணத்தின் தையல் ஒன்று விட்டாலும் வீரன் குதிரையிலிருந்து விழ வேண்டியதுதான். அதனால் தோலைச் சோப்புப் போட்டுத் துடைப்பதும், நிழலில் உலர்த்தி எண்ணெய் தடவுவதும் படையின் அன்றாடக் கடமைகளாக இருந்தன. தசரா ஊர்வலத்தில் இன்றும் நடக்கும் மைசூரு குதிரைப் போலீசின் சேணங்களிலும், நகரின் டாங்கா வண்டிகளின் வார்களிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. மோட்டார் சைக்கிள் உடையைப் பராமரிக்கும் முறையும் பெரும்பாலும் குதிரை லாயத்திலிருந்து வந்ததுதான்.

தோல் பதனிடும் தொழில் தமிழகத்தில் இரண்டு கட்டங்களாக வளர்ந்தது. முதலாவது பட்டைப் பதனீடு. ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரும் சவ்வும் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முக்கி எடுப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியைச் சேர்ந்த டி சூசா என்ற யூரேஷியர் இந்த முறையைச் செம்மைப்படுத்தினார் என்பது தொழிலில் வழங்கிவரும் வரலாறு. இப்படிப் பதனிட்ட மாட்டுத்தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் லண்டன் சந்தையில் விலைபோயிற்று. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுகளுக்கு மேல்தோலாக இது பெருமளவு தேவைப்பட்டதால், சென்னையிலிருந்து செல்லும் சரக்கை அரசே கொள்முதல் செய்யத் தொடங்கியது. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

இந்தத் தொழிலின் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செத்த மாட்டை அகற்றுவது, தோலுரிப்பது, குழியில் இறங்கி மிதிப்பது, செருப்புத் தைப்பது ஆகிய வேலைகளைத் தமிழகத்தில் அருந்ததியர் மீதும் பிற பட்டியல் சாதியினர் மீதும், கர்நாடகத்தில் மாதிகர், சமகாரர் மீதும் சாதி முறை சுமத்தியது. அவர்கள் கைபட்ட பொருளை எல்லோரும் பயன்படுத்தினார்கள், அவர்களை மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். வணிகத்தின் பெரும்பகுதி வட ஆர்க்காட்டு முஸ்லிம் வணிகக் குடும்பங்களிடமும் சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டிகளிடமும் இருந்தது. கைத்திறன் உள்ளவரிடம் முதல் சேராததால், பதனிட்ட தோலை உடையாகத் தைத்து விற்கும் சொந்தத் தொழில் இங்கே அவர்களிடமிருந்து எழ வாய்ப்பு குறைவாகவே இருந்தது. கர்நாடக அரசு 1976-ல் தோல் தொழில் வளர்ச்சிக்கென ஒரு கழகத்தைத் தொடங்கியது. இன்று பாபு ஜகஜீவன் ராம் பெயரைத் தாங்கி, லிட்கர் என்ற வணிகப் பெயரில் செருப்பு, பெல்ட், பை விற்கும் அந்த நிறுவனம், அந்தக் கைவினைஞர்களுக்குச் சந்தை தேடித்தரும் முயற்சியாகத் தொடங்கியது.

இரண்டாம் கட்டம் குரோம் பதனீடு. இதில் மைசூருக்கும் சென்னைக்கும் பொதுவான ஒரு பெயர் உண்டு. ஆல்ஃபிரட் சாட்டர்டன் பொறியியல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்து, கலைத்தொழில் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றவர். அலுமினியப் பாத்திரத் தொழிலை அங்கே தொடங்கிவைத்த பிறகு, 1903-ல் குரோம் பதனீட்டைச் சோதித்துப் பார்த்தார். அவர் மனத்தில் இருந்தது பூட்ஸோ கோட்டோ அல்ல. மாடு கட்டி நீர் இறைக்கும் கிணற்றுக் கவலையின் தோல் பை. நாள் முழுதும் நீரில் முங்கி எழும் பட்டைத்தோல் சீக்கிரம் ஊறி அழுகிப்போகும். குரோமிய உப்பில் பதனிட்ட தோலோ நீரைத் தாங்கும், வெப்பத்தையும் தாங்கும். பட்டைத்தோல் ஈரமாக இருக்கும்போது ஏறக்குறைய 75 முதல் 85 டிகிரி செல்சியஸில் சுருங்கிவிடும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீரிலும் சுருங்குவதில்லை. வாரக்கணக்கான வேலையும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். உழவரின் கிணற்றுக்காகத் தேடிய இந்தக் குணங்கள்தான் பின்னாளில் மழையிலும் வியர்வையிலும் நனையும் மோட்டார் சைக்கிள் உடைக்கும் வேண்டியவையாயின. பல்லாவரத்துக்கு அருகே ஜி. ஏ. சேம்பர்ஸ் நிறுவிய குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது.

சாட்டர்டன் 1912-ல் மைசூர் சமஸ்தானத்துக்குத் தொழில், வணிகத் துறை இயக்குநராகச் சென்றார். அதே ஆண்டில்தான் விசுவேசுவரய்யா திவானானார். சந்தன எண்ணெயை மைசூரிலேயே வடிக்கும் ஏற்பாட்டில் சாட்டர்டனின் பங்கு பெரிது. தோலைப் பொறுத்தவரை சமஸ்தானத்தின் தொழில் பெங்களூரிலேயே மையம் கொண்டது. மைசூர் குரோம் டேனிங் கம்பெனியும் அங்கேதான் இயங்கியது. மைசூரு நகரம் பட்டு, சந்தனம், சோப்பு என்று வேறு வழியில் போயிற்று.

இதற்குள் மோட்டார் சைக்கிள் என்ற வண்டி உலகில் வந்துவிட்டிருந்தது. தொடக்கத்தில் அதை ஓட்டியவர்கள் குதிரைச் சவாரிக்காரரின் பூட்ஸையும் விமானிகளின் தோல் கோட்டையும் இரவல் பெற்றார்கள். இரண்டு உலகப்போர்களிலும் செய்தி சுமந்த படைவீரர்கள் முழங்கைவரை நீளும் தோல் கையுறையும் கையில்லாத தோல் மேலங்கியும் அணிந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கென்றே முதலில் வெட்டப்பட்ட ஜாக்கெட்டுகளில் பேர் பெற்றது நியூயார்க்கின் இர்விங் ஷாட் 1928-ல் செய்த 'பெர்ஃபெக்டோ'. குதிரைத்தோலில் தைத்து, முன்பக்கம் ஜிப்பு வைத்து, ஐந்தரை டாலருக்கு விற்றார்கள். அதன் ஜிப்பு நேராக இல்லாமல் சரிவாக ஓடியதற்குக் காரணம் உண்டு. குனிந்து ஓட்டும்போது நேர் ஜிப்பு வயிற்றில் மடிந்து குத்தும், ஒன்றின்மேல் ஒன்று படியும் மார்புப் பட்டையோ காற்றையும் தடுக்கும். மார்லன் பிராண்டோ 1953-ல் அதே வகை ஜாக்கெட்டுடன் திரையில் வந்த பிறகு அது வண்டி ஓட்டாதவர்களின் உடையாகவும் ஆயிற்று. வேலைக்கான தோலும் அழகுக்கான தோலும் பிரிந்தது அங்கேதான். இத்தாலியில் 1963-ல் ஆல்பைன்ஸ்டார்ஸும் 1972-ல் டைனீஸும் தொடங்கி, பந்தய வீரருக்கான பூட்ஸையும் உடையையும் தனிக் கலையாக வளர்த்தன. முதுகுக் கவசமும் முழங்கால் தேய்மானத் துண்டும் அந்தப் பந்தய உலகிலிருந்துதான் பொதுச் சாலைக்கு இறங்கின.

மைசூருக்கு வண்டி வந்த கதை பம்பாயில் தொடங்குகிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டிகளை 1950-களில் இறக்குமதி செய்து விற்ற இரானி குடும்பம், முழு வண்டி இறக்குமதிக்குத் தடை வந்ததும் உள்நாட்டிலேயே செய்ய உரிமம் பெற்றது. ஃபரூக் இரானியின் பொறுப்பில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1960-ல் உருவாகி, அடுத்த ஆண்டு மைசூரில் உற்பத்தியைத் தொடங்கியது. முன்னாள் மகாராஜாவும் அப்போதைய மாநில ஆளுநருமான ஜயசாமராஜ உடையார் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். 1970-களின் முற்பகுதியில் ஜாவா என்ற பெயர் யெஸ்டி ஆயிற்று. 1978-ல் ரோட்கிங் என்ற மாடல் வந்தது. தென்னிந்தியாவின் கல்லூரி வாசல்களிலும் காபித் தோட்டங்களிலும் அந்த இரட்டைச் சைலன்சரின் ஒலி ஒரு தலைமுறைக்கே அடையாளமாக இருந்தது.

அந்த வண்டியின் அமைப்பு, ஓட்டுபவர் உடுத்த வேண்டியதை ஓரளவு தானே சொல்லியது. இடப்பக்கம் இருந்த ஒரே நெம்புகோல்தான் கியரும் கிக்கரும். அதை உள்ளே அழுத்தி மேலே திருப்பி உதைத்தால் வண்டி கிளம்பும், மடித்துவிட்டால் கியர் மாற்றலாம். நாளெல்லாம் கியரை மேலே தூக்கித் தூக்கி இடது காலணியின் மேற்புறம் ஓரிடத்தில் தேய்ந்து பளபளக்கும். மெல்லிய தோலானால் அங்கேதான் முதலில் கிழியும். சிலிண்டர் ஒன்றாக இருந்தும் 250 சிசி வண்டிக்கு இரு பக்கமும் சைலன்சர். எனவே எந்தக் காலைத் தவறுதலாக வைத்தாலும் சூடுபடும். பின்னால் உட்கார்ந்து செல்பவரின் கெண்டைக்காலில் சூட்டுத் தழும்பு அக்காலத்தில் சாதாரணம். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலோடு எண்ணெயும் எரிந்து, புகையின் பிசுக்கு பேன்ட் விளிம்பிலும் காலணியிலும் படியும். கணுக்காலுக்கு மேலே ஏறும் கனத்த தோல் பூட்ஸ் இவை மூன்றுக்கும் ஒரே விடையாக இருந்திருக்கும். பெரும்பாலோர் ஓட்டியதோ செருப்புக் காலோடு.

தோல் உடை தென்பட்ட இடம் பந்தயக் களம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களில் ஜாவா, யெஸ்டி வண்டிகள் பெயர் வாங்கின. தளப் பந்தயத்தில் முழுத் தோல் உடை அணிவது உலகெங்கும் உள்ள விதி. அங்கும் அப்படி ஓர் உடையை வாங்குவதென்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இல்லையேல் தெரிந்த தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைக்க வேண்டும். பந்தயத்துக்கு வெளியே அந்தப் பழக்கம் பரவாததற்கு வெப்பமும் விலையும் காரணம் என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். மைசூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் விடியலில் வண்டி ஓட்டினால் கை விறைக்கும். மசினகுடி, கல்லட்டி வழியாக 36 கொண்டையூசி வளைவு ஏறினால் 2,200 மீட்டரில் ஊட்டி. சாம்ராஜ்நகர் வழியே தமிழ்நாட்டுக்கு இறங்கினால் திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகள். இந்தச் சாலைகளில் தோல் மிகை அல்ல, தேவை. உண்மையான தடை சந்தையில் இருந்தது.

இந்தியத் தோல் தொழில் நூறாண்டுக்கு மேலாக அரைப்பதத் தோலை அனுப்பும் தொழிலாகவே இருந்தது. 1948-ல் சென்னை அடையாறில் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், அதை நடத்திய ஒய். நாயுடம்மாவும், தோலை இங்கேயே முழுமையாக முடித்துப் பொருளாக்கி அனுப்ப வேண்டும் என்று தொடர்ந்து பாடுபட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஏற்று, அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு விதித்தது. அதன் பிறகே ஷூ மேல்பகுதி, தோல் உடைத் தொழிற்கூடங்கள் சென்னையைச் சுற்றி வளர்ந்தன. ஆனால் அவை தைத்தது வெளிநாட்டுக் கடைகள் கேட்டதை: செம்மறித்தோல் நேப்பா ஜாக்கெட்டுகள். தமிழகத்துச் செம்மறித்தோல் கை வைத்தால் பட்டுப்போல இருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிதாகச் சீவியிருப்பார்கள், தோளில் பாரம் தெரியாது. கோட்டாக அணிய இதைவிடச் சிறந்தது இல்லை. தார்ச் சாலையில் தேய்ந்தால் ஓரிரு நொடியில் போய்விடும். ஏற்றுமதியில் மிஞ்சி உள்ளூர்ச் சந்தைக்கு வந்தவையும், சினிமா பார்த்து உள்ளூரில் தைக்கப்பட்டவையும் இந்த இனமே. மோட்டார் சைக்கிள் படம் அச்சிட்ட அட்டையோடு அவை இன்றும் விற்கின்றன. நம்பி வாங்குபவர் விழும்போதுதான் வேறுபாடு தெரியவருகிறது. இப்படி விற்பது மன்னிக்கத்தக்க தவறு அல்ல.

1996 இரு தொழில்களுக்கும் திருப்புமுனை. எரிபொருள் சிக்கனமான ஜப்பானியத் தொழில்நுட்ப 100 சிசி வண்டிகளின் போட்டி, புகைக் கட்டுப்பாட்டு விதிகள், தொழிலாளர் சிக்கல் எல்லாம் சேர்ந்து அழுத்த, யாதவகிரி ஆலை அந்த ஆண்டு மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றுப் படுகையின் நீரையும் நிலத்தையும் தோல் ஆலைக் கழிவுகள் பாழாக்கியது குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியானது அந்தத் தீர்ப்பால். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இணையாத ஆலைகள் மூட வேண்டியதாயிற்று. ஒரு தோல் ஜாக்கெட்டின் விலையில் ஆற்றின் விலையும் சேர்ந்திருக்கிறது என்பதை அந்த வட்டார உழவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஜாவா என்ற பெயர் 2018-ல் மகிந்திரா குழுமத்தின் கிளாசிக் லெஜண்ட்ஸ் மூலம் மீண்டது. வண்டிகள் இப்போது மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் உருவாகின்றன. பழைய யெஸ்டிகளை மைசூரிலும் பெங்களூரிலும் ஆர்வலர்கள் இன்றும் பேணி ஓட்டுகிறார்கள். பாதுகாப்பு உடையின் சந்தையும் இந்தத் தலைமுறையில்தான் இங்கே விரிந்தது.

எந்தத் தோல் தாங்கும் என்பதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராடரிக் வுட்ஸ் என்ற ஆய்வாளர் எண்களில் அளந்து காட்டினார். அவர் வகுத்த சோதனை எளிமையானது. கரடுமுரடான தேய்ப்புப் பட்டை நொடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 29 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். உடைத்துண்டை அதன்மேல் போட்டு, ஓட்டை விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். இதை அடிப்படையாகக் கொண்ட ஐரோப்பியத் தரம் இஎன் 13595, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற முதலில் தரையில் மோதும் இடங்கள் 4 நொடி தாங்கினால் முதல் நிலை, 7 நொடி தாங்கினால் இரண்டாம் நிலை என்றது. சாதாரண ஜீன்ஸ் துணி ஒரு நொடிகூடத் தாங்குவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் விழுபவர் தார்ச் சாலையில் ஏறக்குறைய 20 மீட்டர், இரண்டு நொடிக்கு மேல் சறுக்குகிறார் என்பதோடு இதை ஒப்பிட்டால், எஞ்சிய நேரத்தில் தேய்வது எது என்று விளங்கும். இப்போது நடப்பில் உள்ள இஎன் 17092 உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று வகுக்கிறது. பி வகையில் மோதல் கவசம் தேவையில்லை. சி வகை கவசத்தைத் தாங்கிப் பிடிக்கும் உடை மட்டுமே, தேய்மானத்தைத் தடுக்காது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மற்ற உடையைச் சட்டம் கேட்பதில்லை என்பதால் தரம் பார்க்கும் பொறுப்பு வாங்குபவர் மேல்தான்.

தோல் ஏன் தாங்குகிறது என்றால், அது நெய்ததல்ல. கொலாஜன் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால், ஓர் இழை அறுந்தாலும் பிரிந்து ஓடாது. மேற்பரப்பிலிருந்து மெல்ல மெல்லத் தேயும். அந்தப் பின்னல் அடர்த்தியாக இருப்பது மயிர்ப்புறத்தை ஒட்டிய அடுக்கில். அதைச் சீவி எடுத்துவிட்டு மிஞ்சிய அடித்தோலின் மேல் பிளாஸ்டிக் படலம் பூசி விற்பதும் 'அசல் தோல்' என்றே கடையில் சொல்லப்படும். மாட்டுத்தோலோ எருமைத்தோலோ, மேலடுக்கு முழுதாக இருந்து, 1.1 முதல் 1.4 மில்லிமீட்டர் கனமிருந்தால் சாலைக்கு ஏற்றது. எருமைத்தோலின் மேற்பரப்பு முரடு, எடையும் கூடுதல். கனம் போதுமானால் அது குறையல்ல.

ஜாக்கெட்டைச் சோதிக்க உள்ளிருந்து தொடங்குவது நல்லது. உள்துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தால் நார்நாராகத் தெரிவது தோல். நெய்த துணி முதுகு தெரிந்தால் அது ரெக்சின். மேற்புறத்தை விரலால் அழுத்தினால் தோலில் சுற்றிலும் மெல்லிய சுருக்கங்கள் ஓடி மறையும். ரெக்சினில் குழி மட்டும் விழும். அடுத்தது தையல். விழும்போது தோலுக்கு முன்பே விட்டுப்போவது தையல்தான், எனவே தோள் மூட்டிலும் கையின் வெளிப்புறத்திலும் இரட்டைத் தையலாவது ஓட வேண்டும். ஒரு வரி உள்ளே மறைந்திருப்பது இன்னும் நல்லது, சாலை அதைத் தொடாது. நூல் நைலானோ பாலியெஸ்டரோ ஆக இருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும். அழகுக்காகத் துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட ஜாக்கெட்டில் தையல் கூடுகிறது, அத்தனை இடத்தில் பலவீனமும் கூடுகிறது. முதுகு ஒரே துண்டாக இருப்பதே விரும்பத்தக்கது.

அளவை நின்று பார்த்தால் ஏமாற்றும். வண்டியில் உட்கார்ந்து இரு கையையும் ஹேண்டில்பாரில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது கை விளிம்பு மணிக்கட்டை மூட வேண்டும், முதுகு இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது, கழுத்து இறுக்கக்கூடாது. முழங்கைக் கவசத்தைப் பிடித்துத் திருகினால் அது இடம் மாறாமல் நிற்க வேண்டும்; வழுக்கி நகரும் கவசம் விழும் நேரத்தில் வேறெங்கோ இருக்கும். கவசத்தின் மேல் இஎன் 1621 என்ற எண்ணும் நிலை 1 அல்லது 2 என்ற குறியும் இருக்கும். கடையில் செருகித் தரும் வெறும் ஸ்பாஞ்சை அந்த இடத்தில் ஏற்கக் கூடாது. தோல் பழகப் பழக இளகும் என்பதால் புதிதில் சற்று இறுக்கமாக இருப்பதே சரி. கிளவுஸில் பார்க்க வேண்டியது உள்ளங்கையின் அடிப்பகுதியும் மணிக்கட்டுப் பட்டையும். விழுபவர் முதலில் ஊன்றுவது கையை, பட்டை இல்லாத கிளவுஸ் அப்போதே உருவிக்கொண்டு போய்விடும். மைசூரின் ஏப்ரல் வெயிலுக்கு மார்பிலும் முதுகிலும் சிறு துளையிட்ட தோல் பொருந்தும். தோளிலும் முழங்கையிலும் துளை இருக்கலாகாது.

இங்கே தோலின் முதல் எதிரி மழைக்காலத்து ஈரம். மைசூரில் மே மாதத்திலும் தசராவை ஒட்டிய அக்டோபரிலும் மழை கூடுதல். குடகு, வயநாடு பக்கம் போய்த் திரும்பினால் ஜூன் முதலே நனையலாம். நனைந்த ஜாக்கெட்டைக் கவசங்களை உருவிவிட்டு, அகலமான தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலரவிட வேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் குரோம் தோல் சுருங்காவிட்டாலும், பதனிடும்போது ஏற்றிய கொழுப்பு வெளியேறி நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். விறைத்த தோல் மடிப்பில் வெடிக்கும், வெடித்த இடத்தை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. முழுதும் உலர்வதற்குச் சற்று முன், லேசான ஈரம் இருக்கும்போது பதனெண்ணெய் பூசுவது குதிரைச் சேணக்காரரின் வழக்கம். தோல் அப்போதுதான் சீராக உள்வாங்கும்.

மழை இல்லாத நாளில் வேலை குறைவு. பூச்சிக்கறையையும் தூசியையும் ஈரத்துணியால் அன்றே துடைத்துவிட வேண்டும். வியர்வை உப்பு கழுத்திலும் மணிக்கட்டிலும் தங்கி வெண்கோடு இடும். சேணச் சோப்பை நுரையாக்கி, நுரையை மட்டும் தொட்டுத் துடைத்தால் அது போகும். துணி சோப்பு தோலுக்குக் காரம் மிகுதி. லனோலினோ நீட்ஸ்ஃபுட் எண்ணெயோ கலந்த பூச்சை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அதிகம் பூசினால் நார்ப் பின்னல் தளர்ந்து, தோல் தொளதொளவென்று இழுபடும். சாலைக்கு அது நல்லதல்ல.

வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காயெண்ணெய் என்பதால் பலரும் அதையே தடவுகிறார்கள். புதிதில் பளபளக்கும், நாளடைவில் காறி நாறும். 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும் என்பதால், மைசூரின் டிசம்பர்க் காலையில் ஜாக்கெட் மேல் வெள்ளைப் படலம் பூத்து நிற்கும். அதைப் பூஞ்சணம் என்று நினைத்து இன்னும் எண்ணெய் தடவுபவரும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஹேர் டிரையரின் இளஞ்சூடு போதும்: கொழுப்பானால் உருகி மறையும், பூஞ்சணமானால் அப்படியே இருக்கும். பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, வெள்ளை வினிகரும் நீரும் சம அளவு கலந்து, முதலில் உள்விளிம்பில் ஓரிடத்தில் சோதித்துவிட்டு, லேசாகத் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். பிளாஸ்டிக் உறையில் கட்டி பீரோவில் வைப்பதே பூஞ்சணத்துக்கு வீடு கட்டித் தருவது. பருத்தித் துணி உறையும் காற்றோட்டமும், மழை மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இருந்தால் அது அண்டாது. டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரருக்கு எண்ணெய்ப் பிசுக்கு தனித் தொல்லை. அதன்மேல் முகப்பவுடரைத் தூவி ஓர் இரவு விட்டால் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் பிசுக்கோடு சாயமும் தோலின் கொழுப்பும் சேர்ந்து போகும்.

தையல் விட்டால் தைக்கலாம், பழைய ஊசித்துளைகளிலேயே நைலான் நூலால் தைக்க வேண்டும். புதிதாகத் துளைத்தால் அந்த வரியில் தோல் தாளைப்போலக் கிழிய வழி பிறக்கும். மைசூரின் பழைய கடைத்தெருக்களில் பை, பெல்ட் தைக்கும் கைவினைஞர்கள் இதை நன்றாகச் செய்கிறார்கள், நூலை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஜிப்பை மாற்றலாம், உள்துணியைப் புதிதாக வைக்கலாம். ஒருமுறை சாலையில் பலமாக உராய்ந்த ஜாக்கெட்டில் தோலின் மேலடுக்கு எங்கே போய்விட்டதோ அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். சாயம் பூசி மறைப்பது ஏமாற்று. பலத்த அடிவாங்கிய கவசம் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம், அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். மடித்தால் வெடிப்பு ஓடும் தோலும், விரலால் தேய்த்தால் செம்பொடியாக உதிரும் பழைய பட்டைத்தோலும் பழுதுபார்க்கும் நிலையைக் கடந்தவை. அவற்றை அணிந்து வண்டி ஓட்டக் கூடாது.